வகுபடாத குளவிகள்

பகா எண் என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் தூங்கியவர்களுக்கு நான் சொல்லித் தருகிறேன். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தை எப்படி வரிசை போட்டு உட்கார வைத்தாலும் வரிசைகள் சமமாக வராமல் யாராவது இலையில்லாமல் நின்றால், அந்தக் கூட்டத்தின் தொகை பகா எண். அவ்வளவுதான். இதற்குப் போய்ப் புத்தகம் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் இதற்காகக் கொலையே செய்தார்கள்.

கடல் ஏறி வந்து பழைய ஊர்களை விழுங்கியபின் இந்தக் கரையில் மிஞ்சியவை இரண்டே ஊர். உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் ஆழித்துறை, அந்தப் பக்கம் உப்புவிளை. இரண்டு ஊருக்கும் பந்தியில் ஒரே சட்டம். வரிசைகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும். குட்டை வரிசையில் உட்காருவதைவிடத் தூக்கில் தொங்குவது மரியாதை. எல்லோரும் உட்கார்ந்தபின்தான் பரிமாறுவார்கள். கடைசி ஆள் மோர் குடித்து முடிக்கும்வரை எவனும் எழக்கூடாது. கூரை இடிந்து விழுந்தாலும் இலைமேல்தான் விழ வேண்டும்.

எஸ்தர் டீச்சரின் மகள் பெனிட்டாவை உப்புவிளைப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். டீச்சர் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். நான் நகரசபை ஒலிபெருக்கி அறிவிப்பாளன், பெயர் தாணு. நான் மைக்கில் பேசினால் தென்னையிலிருந்து தேங்காய் விழும். அன்றைக்குப் பந்திக்கு ஆள் கூப்பிட்டவன் நான்தான். பந்தி விசாரிப்பவர் பத்துப் பத்தாகப் போட்டுப் பார்த்தார், மிச்சம் வந்தது. பன்னிரண்டாகப் போட்டார், பதினேழாகப் போட்டார், வேட்டி நனையும்வரை வியர்த்தார். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்துவிட, ஒரே ஒரு மனிதர் மட்டும் நடுக்கூடத்தில் நின்றார். எங்கள் ஊர்ப் பூதலிங்கம்! ஆறடி உயரம், அவர் மீசையில் இரண்டு காக்கை கூடு கட்டலாம்.

உப்புவிளை இளவட்டம் ஒருத்தன் சும்மா இருந்திருக்கலாம். "ஓய் பெரியவரே, நின்னுக்கிட்டே தின்னும். ஒமக்க வயித்துக்கு எல இல்ல, பாயாக்கும் வேணும்" என்றான்.

கூடமே சிரித்தது. பூதலிங்கம் பக்கத்திலிருந்த சாம்பார் வாளியைத் தூக்கினார். அந்தப் பையன் அதன்பிறகு சிரிக்கவில்லை, பேசவில்லை, மூச்சும் விடவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கரண்டிகள் வளைந்தன, அகப்பைகள் முறிந்தன. அவியலில் மிதந்தது முருங்கைக்காயா, மோதிர விரலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையின் கடைவாய்ப் பல் பாயசத்தில் விழுந்து, முந்திரிப்பருப்பு என்று நினைத்து என் அத்தான் மென்றுவிட்டார். சாயங்காலத்துக்குள் கழிப் பாலம் எரிந்தது. கடைசிப் படகில் பெனிட்டா மாப்பிள்ளையோடு ஏறினாள். கரையில் ஓடிய டீச்சரால் மகள் கையைத் தொட முடியவில்லை. அத்தனை அமளிக்கு நடுவிலும் அவர் முணுமுணுத்ததை நான் கேட்டேன்: "பகா எண்ணு. கூப்பிடும்போதே எண்ணிப் பாத்திருக்கணும்."

அன்று தொடங்கிய சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. அவர்கள் எங்கள் மீன் குட்டையில் அமிலம் ஊற்றினார்கள். நாங்கள் அவர்கள் குடிநீர் ஆலைக்குத் தீ வைத்தோம். கழியில் மீனைவிடப் பிணம் அதிகம். பூதலிங்கம் எங்கள் ஊருக்குத் தலைவரானார். எதிர்த்து நின்ற இரண்டு பேரும் தேர்தலுக்கு முன்பே கழியில் மிதந்ததால் போட்டியே இருக்கவில்லை.

அப்போதுதான் குளவி வந்தது.

குளவி என்பது பெயருக்கு. தூசி அளவு இயந்திரம். இறக்கை உண்டு, கொடுக்கு உண்டு. ஒரு குளவி ஒன்றும் செய்யாது. நூறு சேர்ந்தால் ஆட்டைக் கொல்லும். கோடி சேர்ந்தால் தெருவையே எலும்பாக்கும். எங்கள் ஊரில் இதற்கென்றே கட்டிய ஆலையில் ஒரு பெரிய கூடு. குளவியிலிருந்து குளவி பெருகும். எத்தனை வேண்டும், எப்படி அணி பிரிய வேண்டும் என்று கூட்டுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எஸ்தர் டீச்சர். மகள் அக்கரையில் இருக்கும்போது இவள் எங்கே ஒத்துக்கொள்ளப்போகிறாள் என்று ஊர் நினைத்தது. டீச்சரோ கூப்பிட்ட மறுகணம் செருப்பைக்கூட மாட்டாமல் வந்து நின்றார். ஊர்ப் பெண்கள் காறித் துப்பினார்கள். நானும் துப்பலாமென்று வாயைக் கூட்டினேன். தலைவர் பார்த்ததால் விழுங்கிவிட்டேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து மீசையைத் தடவினார். "டீச்சரே, எனக்கக் குளவிப் படையில மிச்சம்னு ஒருத்தன் நிக்கக் கூடாது. எல்லா வரிசையும் சமமா இருக்கணும். சமமா வரலேன்னா கெளம்பவே கூடாது. புரியுதா?"

"புரியுது தலைவரே. ஒரு வரிசைக்குக் கொறஞ்சது எத்தன?"

"நூறுக்குக் கொறையாண்டாம். ரெண்டு மூணு பேராப் போயி அடிவாங்கப்பிடாது. ஒரே வரிசையாவும் போவப்பிடாது. ஒருத்தன் துரோகம் செய்தா மத்தவன் பாக்கணும்லா?"

"அப்பம் எது துரோகம்னு யாரு தீர்மானிக்க?"

"ஊர்ப் பஞ்சாயத்துல எப்பிடி? கூட ஆள் எந்தப் பக்கமோ அதான் நியாயம். மத்த வரிசையெல்லாம் ஒரு வழியில போவும்போ ஒருத்தன் மட்டும் வேற வழியில போனா, அவன அடிச்சுக் கொன்னுறணும்."

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "மொத்தமே ரெண்டு வரிசைதான் வந்துதுன்னா?"

"பைத்தியமா ஒமக்கு? எண்ணிக்கையில பதினாறு இலக்கம் இருக்கு! ஆயிரம் வரிசை வரும். இன்னொண்ணு கேட்டுக்கிடும். பறந்தபிறவு யார் சொல்லும் கேக்கப்பிடாது. அக்கரைக்காரன் ஏதாவது மந்திரம் போட்டுத் திருப்பிவிட்டுட்டான்னா? சண்டை தொடங்கினா முடியுறவர வரிசை மாறவும் பிடாது. பந்தியில பாதியில எந்திக்கவனும் சண்டையில பாதியில எந்திக்கவனும் ஒண்ணுதான்."

எல்லாவற்றுக்கும் டீச்சர் தலையாட்டினார். கடைசியில் தலைவர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு எண் சாஸ்திரத்தில் கிறுக்கு. ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கூட்டுத்தொகை பார்த்துத்தான் பெயர் வைப்பார். "மொத்த எண்ணிக்கையோட இலக்கத்தையெல்லாம் கூட்டினா ஒம்பது வரணும். ஒம்பது செவ்வா. ரெத்தம்."

டீச்சர் முகம் வெளுத்தது. ஏனென்று எனக்கு அப்போது தெரியாது. கூட்டுத்தொகை ஒன்பது வருகிற எண் எதுவானாலும் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடுமாம். அழகாக ஒன்பது வரிசை போட்டு, அக்கரையை ஒன்பது பக்கமும் சூழ்ந்து, பெனிட்டாவை எலும்பாக்கிவிட்டுத்தான் திரும்பும்.

"தலைவரே, நீங்க பொறந்த தேதி பதினாலுல்லா?" என்றார் டீச்சர். "ஒண்ணும் நாலும் அஞ்சு. அஞ்சுக்காரரு ஒம்பதக் கையில எடுத்தா, வெட்டுத அருவா திரும்பி வெட்டும்னு சொல்லுவாவ."

பூதலிங்கம் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்பம் அஞ்சே வச்சிரும்."

குளவிகளைத் திறந்துவிட்ட அன்று ஊரே கடற்கரையில் கூடியது. நான் கழிக்கரை ஒலிபெருக்கிக் கோபுரத்து மாடியில், தலைவர் பக்கத்தில், மைக்கோடு நின்றேன். "வருகுது வருகுது குளவிப்படை! வானத்தை மறைக்கும் வீரப்படை!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு கர்ப்பிணிகளுக்கு அங்கேயே வலி எடுத்தது. ஆலைக்கூரை திறந்தது. சாம்பல்நிற மேகம் ஒன்று புரண்டு புரண்டு எழுந்தது. அது முழுசாக வெளியே வந்த நொடியில் ஆலைக்குள் டமார் என்றொரு சத்தம். கூடு பற்றி எரிந்தது. டீச்சர் கரி படிந்த முகத்தோடு, பொசுங்கிய முடியோடு வெளியே நடந்து வந்தார்.

மேகம் கோபுரத்துக்கு மேலே வந்து நின்றது. நின்றதுதான். ரீங்காரம் போட்டுக்கொண்டே பத்தாகப் பிரிந்து பார்த்தது, மறுபடி சேர்ந்தது. நூறாகப் பார்த்தது, ஆயிரமாகப் பார்த்தது. பந்தி விசாரிப்பவர் வியர்த்ததுபோல வானமே வியர்த்தது. உப்புவிளைப் பக்கம் ஓர் அங்குலம் நகரவில்லை.

தலைவர் முதலில் தன் மச்சினனைக் கோபுரத்திலிருந்து கீழே எறிந்தார். அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். பிறகு கீழே இறங்கிப் போய் ஆலைக் காவலாளி இருவரின் மண்டையைத் தென்னைமரத்தில் மோதி உடைத்தார். அப்புறம்தான் டீச்சரை முடியைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்து, காலைக் கம்பிக் கைப்பிடியோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியைக் கடலில் வீசினார். டீச்சரின் இடதுகைச் சுண்டுவிரலை அவர் முறித்த சத்தம் என் மைக்கில் ஏறி ஊர் முழுக்கக் கேட்டது.

"எதுக்குடி போவல?"

டீச்சருக்குக் கண்ணீர் வந்தது, குரல் உடையவில்லை. "சமமா வந்தாத்தான் கெளம்பணும்னு நீங்கதான சொன்னிய. இது பகா எண்ணு. எந்த வரிசையாலயும் வகுபடாது. உலகம் அழியுத வர இப்பிடியே நிக்கும்."

"ஒண்ணக் கூட்டினா?"

"பன்னெண்டால வகுபடும். ஆனா கூடுதான் எரிஞ்சிட்டே. இனி யாராலயும் ஒரு குளவிகூடச் செய்ய முடியாது."

பூதலிங்கம் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"ஒண்ணக் கொறச்சா?"

அப்போதுதான் டீச்சர் கதறினார். "வேண்டாம் தலைவரே! ஒங்க காலுல விழுதேன். வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க, குளவியத் தொடாதீங்க! எனக்கு ஒரே பிள்ள அங்க இருக்கா!" சங்கிலி எட்டியமட்டும் தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்தார். நான் பார்த்த நாடகங்களிலெல்லாம் அப்படி அழுத நடிகையை நான் கண்டதில்லை. இதை எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்று பிறகு உங்களுக்கே புரியும்.

அந்த அழுகை தலைவருக்குத் தேன். அவர் வானத்தைப் பார்த்துக் கையை நீட்ட, டீச்சர் என் பக்கம் திரும்பினார். அழுகை நின்றிருந்தது. "தாணு அண்ணே, கீழ போங்க. தண்ணியில முங்கிக்கிடுங்க. எல்லாரையும் முங்கச் சொல்லுங்க." அடுப்பில் பால் பொங்குகிறது, இறக்கிவையுங்கள் என்று சொல்கிற குரல்.

நான் மைக்கில் கத்தினேன். "தண்ணிக்குள்ள எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" ஊர் காரணம் கேட்கவில்லை, என் குரலுக்கு அந்த மரியாதை இருந்தது. நான் படியில் பாதி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பூதலிங்கம் ஒரு குளவியைப் பிடித்து, பேன் குத்துவதுபோல இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். டிக்.

"இப்பம் சமமாப் பிரியுமாடி?"

"பிரியும் தலைவரே," என்றார் டீச்சர். "ரெண்டா மட்டும் பிரியும். அந்தப் பாதியும் பகா எண்ணுதான். வேற எப்பிடியும் உடையாது."

வானம் வகிடெடுத்ததுபோல இரண்டாகப் பிளந்தது. ஒரு வரிசை கிழக்கே திரும்பியது. மற்றது மேற்கே. எது நியாயம் என்று சொல்ல மூன்றாவது வரிசை இல்லை. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் மட்டும் நடுவயலில் அரிவாளோடு நின்றால் என்ன ஆகுமோ, அது ஆனது. இதற்கு அது துரோகி. அதற்கு இது துரோகி. பாய்ந்தன. நடுவில் கோபுரம்.

கொட்டிய குளவியும் சாகும், கொட்டுப்பட்ட குளவியும் சாகும். ஒன்றுக்கு ஒன்று. அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்ல? ஆயிரம் ரம்பங்கள் ஒரே மரத்தை அறுப்பதுபோல இருந்தது. பூதலிங்கத்தின் மீசை தனியாகப் பறந்ததைப் பார்த்தேன். பிறகு மீசைக்குப் பின்னாலிருந்த முகத்தைக் காணவில்லை. பிறகு தலைவரையே காணவில்லை. சட்டை மட்டும் நொடிப்பொழுது காற்றில் நின்றது, உள்ளே ஆள் இருப்பதுபோல. டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்து நின்றார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. கழியில் குதித்துவிட்டேன். குதிப்பதற்குள் என் வலதுகாதைக் கொண்டுபோய்விட்டன. அதனால்தான் இடதுபக்கம் வந்து பேசச் சொல்கிறேன்.

எழுந்து வந்தபோது முட்டளவுக்கு இரும்புத் தூள். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஒரு குளவி மிச்சமில்லை. தண்ணீரில் இறங்க மறுத்த கிழவர்கள் சிலர் மிச்சமில்லை. கோபுரத்துக் கைப்பிடியில் சங்கிலி தொங்கியது.

சில நாள் கழித்துப் பெனிட்டா தனியாகத் துடுப்புப் போட்டு வந்து இறங்கினாள். ஓங்கிய அரிவாள்களைக் கண்டுகொள்ளாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"தாணு மாமா, அம்மா எங்க?"

நான் கோபுரத்தைக் காட்டினேன். அவள் சங்கிலியைப் பார்த்தாள். காலடியில் கிடந்த தூளை ஒரு பிடி அள்ளினாள். "ரெண்டாப் பிரிஞ்சுதா?"

"ஒனக்கெப்பிடித் தெரியும் மக்ளே?"

"சின்னதுல எனக்குச் சோறு ஊட்டும்போ அம்மை கத சொல்லமாட்டா மாமா. அஞ்சு, ஏழு, பதினொண்ணு, இருபத்திமூணு, நாப்பத்தேழுன்னு இந்தமாரி எண்ணாத்தான் சொல்லுவா. ஒண்ணக் கொறச்சுப் பாதியாக்கினாலும் உடையாத எண்ணு. ஒரு எண்ணுக்கு ஒரு உருண்ட." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எங்க ஊர்லயும் குளவி இருக்கு."

அரிவாள்கள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

"நாந்தான் எண்ணிக்க வச்சேன். அதுவும் அந்தரத்துல நிக்கி. கூட்ட உடச்சும் போட்டேன். நாந்தான் உடச்சேன்னு தெரியாது, விபத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான் எங்க தலைவன். இங்க நடந்ததத் தூரத்துலேந்து பாத்துட்டு, ஒண்ணக் கொறச்சா ஆபத்து, ஒண்ணக் கூட்டணும்னு உடஞ்ச கூட்டச் சரிபண்ணிட்டிருக்கான். கூட்டினா பன்னெண்டு வரிச. நேரா இங்கதான் வரும்."

"அதுக்குள்ள நீ ஒண்ண நசுக்கிரு!"

"நசுக்குவேன். ஊர்ல பிள்ளையளெல்லாம் இருக்கு மாமா. இங்க ஓடித் தண்ணியில விழுந்திய. எங்க ஊர்ல குளவி நிக்கது நடுமேட்டுல; தண்ணிக்கு ஓடதுக்குள்ள எல்லாரும் எலும்பாயிருவாவ. எனக்க மவனும் மாப்பிளையும் அங்கதான். ஊர முழுசும் காலி பண்ணணும். சொன்னா ஒருத்தனும் வரமாட்டான். சாப்பிடக் கூப்பிட்டா வருவான்."

பெனிட்டா அக்கரைக்குத் திரும்பிப் போனாள். அன்று பிற்பகல் நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய அறிவிப்பைச் செய்தேன். எல்லா ஒலிபெருக்கிகளையும் கழிப் பக்கம் திருப்பிவைத்தேன். "உப்புவிளைப் பெருமக்களே! எஸ்தர் டீச்சர் நினைவுப் பந்தி! உங்கள் தலைவருக்கு முதல் இலை! அவியல், எரிசேரி, புளிசேரி, மூன்று பாயசம்! போளி மட்டும் பூரண சந்திரன் அளவு! நெய் கழியில் ஓடும், படகோட்டிகள் வழுக்காமல் வரவும்!" எங்களிடம் இருந்ததோ கருவாடும் ரேஷன் அரிசியும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வந்தார்கள். கைக்குழந்தை முதல் கம்பு ஊன்றியவர் வரை. தலைவருக்கு முதல் இலை என்றதும் அவர்கள் தலைவன் காவலாளிகளையும் ஆலைக்காரர்களையும் பட்டுவேட்டி கட்டவைத்துக் கூட்டி வந்தான். தூளைக் கூட்டித் தள்ளிய கடற்கரையில் இலை போட்டோம். இரண்டு ஊரும் கலந்து உட்கார்ந்தது. ஒருவர் கொன்ற ஆளின் தம்பி அவர் பக்கத்திலேயே உட்கார நேர்ந்தது. வரிசைகளைச் சமமாகப் போட்டு முடித்தபோது ஆள் யாரும் மிச்சமில்லை. ஓர் இலை மிச்சமிருந்தது.

"யாருக்கு வே அது?" என்றான் உப்புவிளைத் தலைவன்.

"வருவாவ. பரிமாறுங்கடே," என்றேன்.

அந்த இலைக்கும் பரிமாறினோம். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சிட்டிகை உப்பு. "போளி எங்கவே?" என்று அவன் உறுமவும் அக்கரை வானம் இரண்டாகப் பிளக்கவும் சரியாக இருந்தது.

ரம்பங்கள். அதே சத்தம். உப்புவிளை வீடுகளின் ஓடுகள் பறந்தன, ஆலைப் புகைபோக்கி முறிந்தது, மரங்கள் தோலுரிந்து நின்றன. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் தலைவன் எழப்போனான். அவன் ஊர்க்காரக் கிழவர் ஒருவர் அவன் தொடையில் கைவைத்து அழுத்தினார். "எல முடியல. இரும்."

யாரும் எழவில்லை. தங்கள் வீடுகள் பொடியாவதைப் பார்த்துக்கொண்டே பிசைந்து பிசைந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஓர் இலை முடியவில்லையே. ஒரு சின்னப் பையன் மட்டும் பரிமாறிய சோற்றைத் தொடாமல் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த அவன் அப்பா கடைவாயில் ஒரு பல் இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கழியில் ஏதோ மிதந்து வந்தது. பிரியாணி அண்டா! கோயில் கொடைவிழாவில் ஊருக்கே ஆக்குகிற அண்டா. அதற்குள் தலையிலிருந்து கால்வரை சாம்பல்நிறமாகப் பெனிட்டா உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டிருந்தாள். நசுக்கிவிட்டு அதைக் கவிழ்த்து உள்ளே பதுங்கியிருக்கிறாள். அண்டாவின் வெளிப்புறம் அரம் போட்டுத் தேய்த்ததுபோலக் காகிதமாயிருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் என் முழுக்குரலில், தேங்காய் விழுகிற குரலில், "மக்ளே!" என்றேன். அவள் திரும்பவேயில்லை. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. என் குரல் எட்டாத ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அவள் தள்ளாடி வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். முதல் உருண்டையை மகன் வாயில் வைத்து, தன் காதுக்கே கேட்காத குரலில் ஊர் அதிரச் சொன்னாள்:

"அஞ்சு!"